கைராசி இல்லாத டிரசர்

"ஐயா, எம் பொஞ்சாதிய பின்வார்டுல மட்டும் போடாதீங்க! அந்தாளு கை பட்டா பொணம்தான்!"

கிள்ளானுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலில் நின்று சின்னையா கத்தினான். கம்பளித் தூளியில் தூக்கி வந்த வள்ளியம்மா, குளிர்காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தாள்.

அந்தாள் என்றது, பின்வார்டில் மருந்து கொடுத்து நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் டிரசர் விநாயகமூர்த்தியை. முன்வார்டு டிரசர் கனகசபைக்குக் கைராசி உண்டு, இவருக்குக் கிடையாது என்று தொழிலாளர் குடியிருந்த லயம் முழுக்கப் பேச்சு. ஊரே ஏசினாலும் மனுஷன் வாய் திறக்க மாட்டார்.

கோலாலம்பூரிலிருந்து புதிதாக வந்திருந்த டாக்டர் இராமலிங்கம், இரண்டு வார்டுச் சாவையும் கூட்டிப் பார்த்தார். பின்வார்டில் மூன்று மடங்கு! டிரசர்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அதே காய்ச்சல், அதே கொய்னா மருந்து. உங்ககிட்ட மட்டும் ஏன் இத்தனை பேர் சாகறாங்க, விநாயகமூர்த்தி? இன்னைக்கே பெட்டியைக் கட்டுங்க!"

விநாயகமூர்த்தி பெட்டியைக் கட்டக் கதவை நோக்கித் திரும்பினார். கனகசபைக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஐயா, மொத்தமாக் கூட்டாதேங்கோ. நடந்து வந்த ஆக்களை வேறயா, தூக்கி வந்த ஆக்களை வேறயா எண்ணிப் பாருங்கோ."

டாக்டர் எரிச்சலோடு எண்ணினார்.

நடந்து வந்தவர்கள் முன்வார்டுக்கு, தூக்கி வந்தவர்கள் பின்வார்டுக்கு. அதுதான் ஏற்பாடு. கட்டில் போதாத நாட்களில் மட்டும் சிலர் மாறிப் படுத்திருந்தார்கள்.

நடந்து வந்தவர்களில், நூற்றுக்கு எத்தனை பேர் என்று பார்த்தால் பின்வார்டில் படுத்தவர்களே அதிகம் பிழைத்திருந்தார்கள். தூக்கி வந்தவர்களிலும் அப்படியே.

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது.

"ரெண்டுலயும் இவர்தானே கெட்டிக்காரர்! இதை வெளியே போய்ச் சொல்ல வேண்டியதுதானே? பின்வார்டு, சாகக் கிடக்கிறவங்களுக்குன்னு!"

"ஐயோ, வேண்டாம் ஐயா!" அப்போதுதான் விநாயகமூர்த்தி வாய் திறந்தார். "அங்க படுத்திருக்கிற சனத்தின்ர காதில அது விழுந்தால் மனம் விட்டிடும். டிரசருக்குக் கைராசி இல்லை எண்டு என்னைத் திட்டிக்கொண்டாவது பிழைக்கட்டும்."

வெளியே சத்தம் பெரிதாகிவிட்டது. சின்னையா தூளியைத் திருப்பத் தொடங்கியிருந்தான். "லயத்துக்கே கொண்டு போறேன்! செத்தா வீட்டுலயே சாகட்டும்!"

லயத்துக்குப் போனால் அவள் பொழுது சாயும்வரைகூடத் தாங்க மாட்டாள். டிரசர்கள் இருவருக்கும் அது தெரியும்.

"அவவை முன்வார்டிலயே போடு, கனகசபை," என்று அவசரமாகச் சொன்னார் விநாயகமூர்த்தி. "புருஷன் வாசலில நிக்கட்டும். நான் பின்கதவால வந்து பாக்கிறன்."

அடுத்த வாரம் வள்ளியம்மா தன் காலால் நடந்து வெளியே வந்தாள். சின்னையா ஓடிப்போய்க் கனகசபையின் காலில் விழுந்தான்.

"உங்க கைராசிதான் சாமி எம் பொஞ்சாதியக் காப்பாத்துச்சு!"

கனகசபை கூசிப்போய்ப் பக்கத்தில் பார்த்தார். கண்கள் சிவந்து, தூக்கமில்லாமல் நின்றிருந்தார் விநாயகமூர்த்தி.

சின்னையா அவரை முறைத்தான். குரலைக்கூடத் தாழ்த்தவில்லை.

"நல்லவேளை, இந்தாளு கையில சிக்காமத் தப்பிச்சா."

"ஓம் சின்னையா," என்றார் விநாயகமூர்த்தி, கொட்டாவியை அடக்கிக்கொண்டு. "நல்லவேளை."