வந்து சேர்ந்த தகவல்

“ஏன்யா நெஸ்டர், ஏரியில இறங்கினதும் ஒரு போன் போட்டா கை தேஞ்சா போயிடும்? இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ஹெலிகாப்டரைக் கிளப்பியிருப்பேன். அதுல வர்றவங்களுக்கெல்லாம் வேற வேலை இல்லைன்னு நினைச்சுக்கிட்டிருக்கீங்களா?”

கோரா போனை வைத்தாள். பக்கத்து மேசையில் இருந்த டெரன்ஸ் காதைத் தேய்த்துக்கொண்டான்.

அலாஸ்காவின் அந்தக் கடற்கரை ஊரிலிருந்து வெளியூருக்கு ரோடு கிடையாது. மீன் பிடிக்க, மளிகை வாங்க, மாமியார் வீட்டுக்குப் போக, எல்லாவற்றுக்கும் ஏரித் தண்ணீரிலேயே ஏறி இறங்கும் சின்ன விமானம்தான். கிளம்புமுன் கோராவும் டெரன்ஸும் வேலை பார்க்கும் விமானத் தகவல் நிலையத்துக்கு போன் செய்து காற்று எப்படி, மேகம் எப்படி என்று கேட்டுக்கொண்டு, எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று சொல்லிவிட வேண்டும். திரும்பியதும் ‘வந்துட்டேன்’ என்று ஒரு வார்த்தை. சொன்ன நேரம் தாண்டி அரைமணி ஆகியும் அந்த வார்த்தை வரவில்லையென்றால் தேட ஆரம்பித்துவிடுவார்கள். முதலில் வீட்டுக்கு போன். அப்புறம் ஹெலிகாப்டர்.

“இந்த மாசத்துல இது எத்தனையாவது தடவை?” என்றான் டெரன்ஸ்.

“எண்ணி என்ன ஆகப்போகுது?”

“மறதி உள்ளவர் விமானம் ஓட்டலாமா கோரா? மேல சொல்லிடலாம். இல்ல, நீங்களாவது கொஞ்சம் தன்மையா பேசலாம். வயசான மனுஷனை இப்படியா...”

“ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. தப்பு அவர் மேலயா, என் மேலயா?”

ரெண்டு பேர் மேலும்தான் என்று சொல்ல வந்ததை டெரன்ஸ் விழுங்கிக்கொண்டான். ஒஹாயோவிலிருந்து மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது.

ஆனால் மனசு கேட்கவில்லை. மேலே சொன்னால் அந்த மனிதரின் லைசென்ஸுக்கே ஆபத்து. சொல்லாமல் விட்டு, இன்றைக்குப் போனை மறந்தவர் நாளைக்குப் பெட்ரோலைப் பார்க்க மறந்தால்? யோசித்து யோசித்து நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தான்.

மறுநாள் அவனுக்கு லீவு. நெஸ்டர் திரும்பும் நேரத்துக்கு ஏரிக்கரையில் போய் நின்றான்.

சிவப்பு விமானம் தண்ணீரைக் கோடு கிழித்துக்கொண்டு இறங்கியது. நெஸ்டர் குதித்து இறங்கி, கயிறுகளைக் கட்டி இழுத்துப் பார்த்தார். மிதவைக்குள் கசிந்திருந்த தண்ணீரை பம்ப் வைத்து எடுத்தார். ஆயில் பார்த்தார், பெட்ரோல் மூடியைத் திருகிப் பார்த்தார். ஒன்றைக்கூட மறக்கவில்லை.

“புது ஆபீசரா? உள்ள வாங்க. சால்மன் மீன் புகை போட்டது இருக்கு.”

மீனைக் கடித்துக்கொண்டே டெரன்ஸ் தன் செல்போனைக் காட்டினான்.

“இந்தச் செயலியை உங்க செல்போன்லயும் போட்டுத் தரேன். நேரம் ஆச்சுன்னா தானா ஒரு செய்தி வரும். ஒரு பொத்தானைத் தட்டினா போதும், நீங்க வந்து சேர்ந்தது பதிவாயிடும். யாரும் உங்களுக்கு போன் பண்ணவே வேண்டாம்.”

நெஸ்டர் மெல்லுவதை நிறுத்தினார்.

“யாருமே பண்ண மாட்டாங்களா?”

“மாட்டாங்க. திட்டும் இல்ல.”

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து போய் போன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

போன் அடித்தது. நெஸ்டர் தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டார். இன்னும் இரண்டு முறை அடிக்க விட்டு எடுத்தார்.

“உயிரோட இருக்கீங்களா, இல்ல மீனுக்கு இரையாயிட்டீங்களா?” கோராவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“இருக்கேன் கோரா. மறந்தே போச்சு.”

“மறக்கும் மறக்கும். சோறு தின்ன மறக்குதா? இந்தக் காத்துல ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுப் போகச் சொன்னேனே, போட்டீங்களா?”

அவள் பொரிந்து முடிக்கும்வரை அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறமும் கொஞ்ச நேரம் ரிசீவரைக் கையிலேயே வைத்திருந்தார்.

“என் பொண்டாட்டி ஃபெடோரா இருந்தப்போ கரையிலயே நின்னு திட்டுவா. ஏன் லேட்டு, தொப்பி எங்கேன்னு. அவ போனப்புறம், நான் வந்தேனா இல்லையான்னு கேக்க இந்த வீட்டுல ஆள் இல்ல.” குரலைத் தாழ்த்தினார். “கோராகிட்ட சொல்லிடாதீங்க தம்பி. தெரிஞ்சா நிறுத்திடுவா.”

டெரன்ஸ் தன் செல்போனைப் பார்த்தான். சிக்னல் கோடு நாலும் நிறைந்திருந்தது.

“இங்க சிக்னல் சரியா கிடைக்காது போலிருக்கு. இது சரிப்படாது,” என்று சொல்லி அதைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

வாசலுக்கு வந்தவன் நின்றுவிட்டான். ஏரிக்கு நேர் எதிர்க்கரையில் தகவல் நிலையம். அதன் அகல ஜன்னலுக்குப் பின்னால் கோராவின் மேசை விளக்குகூடத் தெரிந்தது.

மறுநாள் காலை வேலைக்கு வந்ததும் கேட்டான்.

“நேத்து நெஸ்டர் இறங்கினதை இங்கேர்ந்து பார்த்தீங்களா?”

“பார்த்தேன்.”

“எப்பவுமே பார்ப்பீங்களா?”

“எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? அந்தச் சிவப்பு விமானம் ஊருக்கே தெரியும்.”

“அப்போ, இறங்கின உடனே ‘வந்துட்டார்’னு நீங்களே போட்டு முடிச்சிருக்கலாமே. எதுக்கு அரைமணி நேரம் பொறுத்திருந்து, அப்புறம் போன் பண்ணி...”

கோரா காபியை ஊற்றிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்.

“பின்ன? அந்த மனுஷன் விமானத்தைக் கட்டிட்டு, வீட்டுக்குள்ள போய், போன் பக்கத்துல உட்கார வேண்டாமா?”