பகலுக்கு அன்னா

"நாளையிலிருந்து நீர் வரவேண்டாம்."

மிதுசா பகிடி விடுகிறாள் என்றுதான் ஆரணி முதலில் நினைத்தாள்.

"என்னக்கா, விளையாடுறியளோ?"

"விளையாட எனக்கெங்கை நேரம்? நேற்றுப் பிள்ளையின்ரை குழாயிலை சளி கட்டி நிண்டது. நீர் போனை நோண்டிக்கொண்டு இருந்தனீர்."

"கொலோனுக்கு ஒரு மெயில் அனுப்பினனான். ரெண்டு நிமிசம்தான் அக்கா."

"என்ரை பிள்ளை சாக ரெண்டு நிமிசம் காணும்."



கவிஷனுக்கு இரண்டரை வயது. தொண்டையில் குழாய், கட்டிலுக்கருகில் மூச்சு இயந்திரம். எந்நேரமும் ஒருவர் பக்கத்தில் விழித்திருக்க வேண்டும். தகப்பன் கார்த்திகன் லொறி ஓட்டுபவன்; கிழமை நாட்களில் வீட்டில் இல்லை. கட்டில் காலில் தொங்கும் கோப்பில் இரண்டு வருடமாக இரண்டே கையெழுத்துகள். பகல்: ஆரணி. இரவு: மிதுசா. ஆரணி வந்த பிறகுதான் மிதுசா போய்க் கண்ணயர்வாள்.

தாதியாக வேலை பார்த்தபடி ஆறு வருடம் காத்திருந்து, போன மாதம்தான் ஆரணிக்குக் கொலோன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்க இடம் கிடைத்தது. ஆனால் அவளை வேலைக்கு அனுப்பும் பராமரிப்பு நிறுவனம் கையை விரித்துவிட்டது. அவளுக்குப் பதில் அனுப்ப ஆள் இல்லையாம். அவள் போனால் பிள்ளையை எங்கோ தூரத்துப் பராமரிப்பு இல்லத்தில் விட வேண்டியதுதானாம்.

அதற்காகத்தான் அந்த மெயில். படிப்பை ஒரு வருடம் ஒத்திவைக்க முடியுமா என்று கேட்டிருந்தாள். கேட்கப் போவதை மிதுசாவிடமும் முன்பே சொல்லியிருந்தாள்.

"அவங்கள் ஏலாது எண்டால் இடமும் போயிடும், விசரி!" என்று அவளுடைய தாய் தேவமலர் தலையில் அடித்துக்கொண்டாள். ஆரணி கேட்கவில்லை.

அதற்குத்தான் இந்தப் பரிசு.

"அப்ப பிள்ளையை ஆர் பாக்கிறது?"

"அன்னா எண்டு ஒரு போலந்துக்காரி. நானே தேடிப் பிடிச்சனான். உம்மைவிடக் கெட்டிக்காரி."

கவிஷன் ஆரணியைப் பார்த்துக் கையை நீட்டினான். வாயைப் பிளந்து அழுதான். குழாய் போட்ட பிள்ளைக்கு அழுகைச் சத்தம் வராது.

மிதுசா குறுக்கே வந்து நின்றாள்.

"போம் எண்டெல்லோ சொன்னனான்!"

வீட்டில் தேவமலர் கொதித்தாள். "நன்றி கெட்டதுகள்! மாடு மாதிரி உழைச்சாய், இப்ப பாத்தியே? இனியாவது உன்ரை அலுவலைப் பார்."

அன்றைக்கே ஒத்திவைக்கும் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றாள் ஆரணி. ஒக்டோபரில் கொலோன் போய்விட்டாள். கண்டவர்களிடமெல்லாம் நடந்ததைச் சொன்னாள். தமிழ்ச் சங்கத்து வாட்சப்பில் மிதுசாவுக்கு விழுந்த திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

டிசம்பரில் ஒருநாள் கைப்பையின் அடியில் மிதுசா வீட்டுக் கதவுத் திறப்பு அகப்பட்டது. வெள்ளிக்கிழமை தாயைப் பார்க்கத் தங்கள் ஊரான பீலெஃபெல்டுக்கு வந்ததும் நேரே அங்கே போனாள். முகத்தில் எறிந்துவிட்டு வரும் எண்ணம்.

மிதுசாதான் கதவைத் திறந்தாள். கண்கள் குழிக்குள் போயிருந்தன. சட்டையின் உட்புறம் வெளியே தெரிந்தது.

"இண்டைக்கு உமக்கு வகுப்பில்லையோ?" அதே வெடுக்கென்ற குரல்.

"பின்னேரம் இல்லை. திறப்புத் தர வந்தனான். அன்னா உள்ளையோ?"

"கடைக்குப் போயிட்டா."

உள்ளே இயந்திரம் அலறியது. மிதுசா ஓடினாள், கதவு நிலையில் தோள் இடித்ததைக்கூடக் கவனிக்கவில்லை. ஆரணியும் பின்னால் ஓடினாள். அவள் போய்ச் சேருவதற்குள் மிதுசா சளியை உறிஞ்சி எடுக்கத் தொடங்கியிருந்தாள். ஒரு பிழையும் விடவில்லை. அலறல் அடங்கியது. கவிஷன் மூச்சு விட்டான்.

மிதுசா கட்டில் விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். நின்றபடியே அவளுடைய கண்கள் சொருகின.

கட்டில் காலில் அதே கோப்பு. ஆரணி எடுத்துப் புரட்டினாள். ஒக்டோபர். நவம்பர். டிசம்பர்.

பக்கம் பக்கமாக, பகல்: மிதுசா. இரவு: மிதுசா.