எந்த விரல் முதலில்?

“குளிருக்கு முதல்ல விறைக்கிறது எந்த விரல், பிள்ளை?”

அன்ரனிட்டாவுக்குச் சிரிப்பு வந்தது. நத்தார் விடுமுறைக்கு நோர்வேயிலிருந்து நாரந்தனைக்கு வந்த நாள் தொடக்கம் எத்தனையோ பேர் வந்து எவ்வளவோ கேட்டுவிட்டார்கள். வீடு சொந்தமோ வாடகையோ, பிள்ளைகள் தமிழ் கதைக்குமோ, எப்ப திரும்பிப் போறியள் என்றெல்லாம். விரலைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

கேட்டவள் கமலாதேவி. சரவணையில் தோட்டம் செய்கிறவள். அன்ரனிட்டாவுக்கு முன்பின் தெரியாதவள். நோர்வேயில், பனி மூடிக் கிடக்கும் வடக்குப் பக்கத்தில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிற பெண் வந்து நிற்கிறாள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தூறலில் பஸ் பிடித்து வந்திருந்தாள். தோளைச் சுற்றி ஒரு துவாயைப் போர்த்துக்கொண்டு கதிரையின் நுனியில் இருந்தாள். அன்ரனிட்டாவோ புழுங்குகிறது என்று மின்விசிறியைச் சுழலவிட்டிருந்தாள். வந்தவள் நடுங்குவதைப் பார்த்து அதை நிறுத்தினாள்.

“சின்ன விரல்தான் அக்கா. பேந்து மற்ற விரல்களின்ர நுனி. பெருவிரல் கடைசியாத்தான்.”

“நிறம் மாறுமோ?”

“ஓம். வெண்கட்டி மாதிரி வெளிறிப் போகும். சிலருக்கு நீலம் பாரிக்கும்.”

“நோ எப்பிடி இருக்கும்? ஊசி குத்துற மாதிரியோ, வெட்டுற மாதிரியோ?”

அன்ரனிட்டா யோசித்தாள். இவ்வளவு காலமாக அந்தக் குளிருக்குள் இருந்தும் அதை இப்படி நினைத்துப் பார்த்ததில்லை.

“கதவுக்குள்ள விரல் நசிஞ்சால் எப்பிடி இருக்கும்? அப்பிடி. ஆனால் கதவைத் திறந்தாலும் விடாது.”

“நான் ஊர்காவற்றுறையில மீன் ஐஸ் பெட்டிக்குள்ள கையை வைச்சுப் பாத்தனான்,” என்றாள் கமலாதேவி.

“என்னது?”

“கிறிஸ்ரி எண்டொரு பொடியன்ர பெட்டி. உமக்கென்ன விசரோ எண்டு ஏசினவன். கொஞ்ச நேரத்தில எலும்புக்குள்ளால நோ ஏறிச்சுது. ஏலாமல் எடுத்திட்டன். அந்த நோ இரவு முழுக்க நிண்டுகொண்டே இருக்குமோ, பிள்ளை?”

அன்ரனிட்டா வாய்விட்டுச் சிரித்தாள். “அங்க ஆரும் இருக்கினமோ அக்கா உங்களுக்கு?”

“மகன் சசிகரன் அந்தப் பக்கம் போனவன். போன மாரிக்கு வெளிக்கிட்டவன்.”

அன்ரனிட்டாவுக்கு இப்போதுதான் விளங்கியது. மகன் கூப்பிடுகிறான், தாய்க்குக் குளிர்ப் பயம். அவளுக்கு அந்த மனுசி மேல் ஒரு வாரப்பாடு வந்தது.

“ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ. வீட்டுக்குள்ள நல்ல சூடு. பஸ்ஸுக்குள்ளயும் சூடுதான். கடைக்குப் போய் வாற நேரம் மட்டும் கொஞ்சம் குளிரும்.”

“வெளியிலயே இருந்தால்? சப்பாத்தும் அதுக்குள்ள போடுற மேஸும் நனைஞ்சு போனால்?”

“நனைஞ்ச சப்பாத்தோட ஏன் அக்கா வெளியில இருக்கப்போறியள்?”

“சும்மா... அறியத்தான் கேக்கிறன்.”

அறிகிற ஆவல் அந்த முகத்தில் அப்படியே தெரிந்தது. இப்படி ஒருவர் கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா? அன்ரனிட்டா தன் கதையைச் சொன்னாள்.

“ஒருக்கா நானும் இவரும் போன கார் பனிக்குள்ள புதைஞ்சு போச்சு. போனும் வேலை செய்யேல்லை. இறங்கி நடந்தம். முதல்ல நோ தாங்கேலாமல் அழுதுகொண்டு நடந்தனான். பேந்து எனக்குக் கை இருக்கிறதே தெரியேல்லை. கொஞ்சத்தால உடம்பெல்லாம் ஒரு சூடு. போட்டிருந்த கோட்டைக் கழட்டுவம் போல இருந்தது. அதிலயே இருந்து நித்திரை கொள்ளச் சொல்லி மனம் கேக்குது. இவர்தான் கன்னத்தில அடிச்சு அடிச்சு இழுத்துக்கொண்டு போனவர்.”

கமலாதேவி முன்னால் சரிந்தாள்.

“நித்திரை வரேக்க நோ இருந்ததோ?”

“இல்லை.”

“கொஞ்சமும்?”

“கொஞ்சமும் இல்லை. உண்மையைச் சொன்னால் சுகமா இருந்தது. பயம் கூட இல்லை. பேந்து ஒரு வீட்டுக்குள்ள போய்ச் சூட்டில இருக்கேக்கதான், ரத்தம் திரும்பி ஓட ஓட, கத்திக் குழறினனான்.”

“சூட்டுக்கு வந்தால்தான் நோகும்.”

“ஓம்.”

“வராட்டி நோகாது.”

“வராட்டி ஆள் முடிஞ்சுதெல்லோ அக்கா!” என்று அன்ரனிட்டா மறுபடி சிரித்தாள்.

கமலாதேவி சிரிக்கவில்லை. கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்தாள். வந்ததிலிருந்து தொடாமல் வைத்திருந்த தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. அதை எடுத்து மெல்ல மெல்ல முழுவதையும் குடித்தாள். வாசலில் வந்து ஏறியபோது இருந்த முகம் அல்ல அது.

பயம் தெளிந்துவிட்டது என்று அன்ரனிட்டாவுக்குச் சந்தோசம். உள்ளே போய், நோர்வேயில் விமானம் ஏறும்போது போட்டிருந்த கம்பளிக் கையுறையை அலுமாரியிலிருந்து எடுத்து வந்து நீட்டினாள்.

“இதை வைச்சிருங்கோ. அங்க போய் இறங்கின உடன போடுங்கோ. நான் வேற வாங்குவன்.”

“வேண்டாம் பிள்ளை. நான் எங்கயும் போகேல்லை.”

“அப்ப மகன் கூப்பிடேல்லையோ?”

கமலாதேவி எழுந்து அன்ரனிட்டாவின் விரல்களை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்தாள்.

“எல்லை தாண்டேக்க பனிக்காட்டுக்குள்ள ஒரு மரத்தில சாஞ்சபடி கிடந்தவனாம். நித்திரை கொள்ளுறவன் மாதிரித்தான் இருந்தவன், நொந்திருக்காது அம்மா எண்டு கூடப் போன பொடியள் சொன்னவங்கள். என்ர மனம் ஆறப் பொய் சொல்லுறாங்கள் எண்டுதான் பிள்ளை இண்டுவரைக்கும் நினைச்சுக்கொண்டிருந்தனான்.”