செந்திலாண்டவனுக்கு ரோலர் கேம்

"ரோலர் கேம் ஷாஃப்ட்டு போட்டாத்தான் உன் பஸ்ஸு முந்தும் அண்ணாச்சி. இல்லாங்காட்டி அந்த வியாகுல மாதா பின்னாடியே பொகைய துன்னுகினு போவவேண்டியதுதான்" என்றான் மெக்கானிக் பாஸ்கல், பானெட்டுக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே.

மாசானம் அண்ணாச்சிக்கு முகம் கடுத்தது. யுத்தம் முடிந்த கையோடு மளிகைக் கடைப் பங்கை மச்சானிடம் விட்டுவிட்டு அவர் வாங்கிய பஸ் அது. பெயர் செந்திலாண்டவன். ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவே நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு மாதத்துக்கு முன்னால் 'வியாகுல மாதா' என்று இன்னொரு பஸ் முளைத்தது. தினமும் திருவொற்றியூர் தேரடிக்குள் இவரை முந்திப் போய், நிற்கிற ஜனத்தையெல்லாம் வாரிக்கொண்டு போனது.

போதாக்குறைக்கு எண்ணூர்ப் பக்கத்து ஆலை மானேஜர் ஒருவர் தலையில் கல்லைப் போட்டிருந்தார். வருகிற திங்கட்கிழமை காலை இரண்டு பஸ்ஸும் ராயபுரம் பாலத்தடியிலிருந்து ஒன்றாகக் கிளம்ப வேண்டும். ஆலை வாசலுக்கு எது முதலில் வருகிறதோ, ஷிப்ட் ஆட்கள் அதற்குத்தான். தோற்றால் பஸ்ஸை விற்றுவிட்டு மச்சான் கடையில் புளி நிறுக்க வேண்டியதுதான். அந்த மச்சான் சிரிக்கிற சிரிப்பை நினைத்தாலே அண்ணாச்சிக்கு வயிறு எரிந்தது.

"அந்த பஸ்ஸு யாருதுடே?"

"எவளோ ஒரு ராங்கிக்காரிதாம். புருசன் பேச்சையே கேக்கமாட்டாளாம்."

"வெளங்கும். சரி, இப்ப இருக்கிற கேமுக்கு என்ன கேடு?"

"வால்வைத் தூக்கசொல்ல இரும்பும் இரும்பும் தேயுது. ரோலர் வெச்சா தேயாது, உருளும். சுளுவா தூக்கும், வேகம் எகிறும். எழுதிக்கோ."

அண்ணாச்சி மளிகைச் சிட்டையின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தார்.

"கேம் ஷாஃப்ட்டு ஒண்ணு. பட்டாளத்து ஏலத்துல எட்த்தது மூர் மார்க்கெட்ல கீது. ரோலர் வெச்ச டாப்பெட்டு பன்னெண்டு. வால்வு ஸ்பிரிங்கு பன்னெண்டு, வெறைப்பா இருக்கணும். புஷ் ராடு பன்னெண்டு."

"என்னடே, உங்க அப்போஸ்தலர் மாதிரி எல்லாம் பன்னெண்டு பன்னெண்டாச் சொல்லுதே?"

"உன் முருகனுக்குக் கையி எத்தினி அண்ணாச்சி?"

அண்ணாச்சி மனசுக்குள் எண்ணிப் பார்த்துவிட்டு மேலே எழுதினார்.

"பல்சக்கரம் இழுக்க ஒரு புல்லர் வோணும். வால்வு சந்து பாக்க கேஜ் வோணும். ரெண்டும் லேத்துப் பட்டறை ஜார்ஜு கைல இரவல் வாங்கியாறேன். அப்பால, கழட்டுன பழைய சாமான் மேஸ்திரிக்கு. ஷெட்டு வழக்கம் தெரியுமில்ல?"

"அந்தச் சவத்தை வச்சு நான் என்ன செய்ய? கார்புரேட்டரு, டைனமோ, ரேடியேட்டருன்னு முன்னே கழட்டுனதையும் நீதானே தூக்கிட்டுப் போனே. இதையும் கொண்டு போ. ஆனா புதுசுல கைய வச்சே, தொலிய உரிச்சிருவேன்."

அண்ணாச்சியின் பயமெல்லாம் புதுச் சாமான் மேல்தான். அசந்தால் மெக்கானிக் புதுசை ஒளித்துவிட்டுப் பழசை மாட்டிவிடுவான் என்று ஆளாளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அதனால் வீட்டுப் பித்தளைக் குடத்தில் பேர் வெட்டுகிற மாதிரி, பஸ்ஸை வாங்கிய அன்றைக்கே உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து ஒவ்வொரு சாமானிலும் 'மா' என்று வெட்டிவிட்டார். பிறகு வாங்கியதிலும் வெட்டினார். ரேடியேட்டர் மூடியைக்கூட விடவில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஸ்டூலைப் போட்டு ஷெட்டிலேயே கிடந்தார். டாப்பெட்டு ஒவ்வொன்றாக உள்ளே போகும்போதும் 'மா' இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் கொடுத்தார்.

"என் மூஞ்சிலதான் இன்னும் வெட்டல" என்றான் பாஸ்கல்.

"அவசியப்பட்டா அதையும் செய்வேன்."

திங்கட்கிழமை செந்திலாண்டவன் ஜோராகத்தான் கிளம்பியது. காலடிப்பேட்டை வரைக்கும் முன்னால் போனது. அண்ணாச்சி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, வியாகுல மாதாவைப் பார்த்துக் கையைக்கூட ஆட்டினார். தேரடி தாண்டியதும் இஞ்சின் டக் டக்கென்று முனக ஆரம்பித்தது. பக்கத்தில் உரசுகிற மாதிரி வந்த வியாகுல மாதா புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போயே போய்விட்டது.

"ஸ்பிரிங்கு புச்சு அண்ணாச்சி, இன்னும் பழகல" என்றான் கூடவே வந்த பாஸ்கல்.

இவர்கள் ஆலை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது வியாகுல மாதா பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இளைப்பாறிக்கொண்டிருந்தது. டிரைவர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். ஷிப்ட் முடிந்த ஆட்கள் அதில் ஏற ஆரம்பித்திருந்தார்கள். மானேஜர் அண்ணாச்சியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு உள்ளே போனார்.

அண்ணாச்சிக்கு அழுகையே வந்துவிட்டது. முன் சீட்டில் டிக்கெட் பையோடு உட்கார்ந்திருந்த பஸ்காரம்மாவிடம் போய் நின்றார்.

"எம்மா, வயித்தெரிச்சல்ல கேக்கேன். உன் வண்டிக்கு எந்த ஊரு ரோலர் கேமு போட்டிருக்கே?"

"ரோலரா? அதெல்லாம் இன்னாத்துக்கு அண்ணாச்சி? அல்லாம் பழைய சாமான்தான். ஆனா கெட்டி சாமான். நீயே பாத்துக்கோயேன்."

அண்ணாச்சி பானெட்டுக்குள் குனிந்தார். கார்புரேட்டரில் 'மா'. டைனமோவில் 'மா'. மட்கார்டு மேல் கழற்றி வைத்திருந்த ரேடியேட்டர் மூடியிலும் 'மா'.

அவர் மெதுவாக நிமிர்ந்து பாஸ்கலைத் திரும்பிப் பார்ப்பதற்குள், பஸ்காரம்மா ஜன்னல் வழியாக எட்டி அவனைக் கேட்டாள்.

"இன்னாய்யா, நேத்து கழட்டுன கேமை ஒழுங்கா நம்ம வூட்டாண்ட வெச்சியா, இல்ல அண்ணாச்சி வண்டியிலயே வுட்டுட்டு வந்துட்டியா?"