துணி காத்த காயம்

மாலை ஐந்தேகாலுக்கு மிளகு என்ற நாய் மூன்று காலில் நொண்டிக்கொண்டு வீடு வந்தது. நான்காவது பாதத்தைத் தகரம் கிழித்திருந்தது. பொற்கொடி காயத்தைக் கழுவி, பழைய வேட்டியைக் கிழித்து இறுகக் கட்டினாள்.

"ஒரு சொட்டு ரத்தம் வெளியே வரக்கூடாது" என்றாள். வேட்டித்துணி அதைத் தனக்கிட்ட உத்தரவாக எடுத்துக்கொண்டது.

சற்று நேரத்தில் கால்விரல்கள் கூப்பிட்டன. "அண்ணே, கொஞ்சம் தளருங்க. மரத்துப்போகுது."

"தளர்ந்தா ரத்தம் வரும். அப்புறம் யாரைத் திட்டுவாங்க? என்னைத்தானே?"

"ரத்தம் அப்பவே நின்னுடுச்சுண்ணே. நாங்க வீங்கிட்டோம். ஜில்லுன்னு ஆகுது."

"அதை அந்த அம்மா வந்து சொல்லட்டும்."

மிளகு துணிக்கட்டைப் பல்லால் இழுத்தது. பொற்கொடி ஓடிவந்து அதன் வாயில் தட்டினாள். "கடிக்காதேடா, கழுதை!" குனிந்து பார்த்தாள். துணி வெள்ளையாகவே இருந்தது. "அடடா! கட்டுன்னா இதுல்ல கட்டு!"

துணி இன்னும் கொஞ்சம் இறுகியது.

மறுநாள் விரல்கள் எதுவும் பேசவில்லை.

"இப்பத்தான் புத்தி வந்திருக்கு" என்றது துணி.

கட்டுப் போட்ட நான்காம் நாள், மார்ச் 9, திங்கட்கிழமை, கால்நடை மருத்துவர் மிளகின் மூன்று விரல்களை அகற்றினார்.