எந்தப் பால்

சோயா பால்மாவு டப்பாவை டாக்டர் கையில் எடுத்துப் பின்பக்கம் இருந்ததை வாசித்தார்.

அவள் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள். பிள்ளைக்கு மலத்தில் ரத்தம் வந்தது, முதலில் பார்த்த டாக்டர் பால் அலர்ஜியாக இருக்கலாம் என்று இதை எழுதிக் கொடுத்தார் என்றாள். ரத்தம் இன்னும் நிற்கவில்லை.

இந்த டாக்டர் நடுவயதுப் பெண். அவசரமில்லாமல் பேசினார். ஆறு மாதம் ஆகாத பிள்ளைக்குச் சோயாவை எடுத்தவுடன் கொடுப்பதில்லை. பசும்பால் ஒத்துக்கொள்ளாத சிலருக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாது. அலர்ஜி என்பதே இன்னும் சந்தேகம்தான்.

பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

“உங்க பால் குடுக்கறீங்கல்ல?”

அவளுக்கு உடனே புரியவில்லை.

“பாலை நிறுத்தச் சொன்னாங்களே.”

டாக்டர் டப்பாவைக் கீழே வைத்தார்.

பாலை நிறுத்திடுங்க. அவ்வளவுதான் முதல் டாக்டர் அன்று சொன்னது.

பழைய பால்மாவை நிறுத்தினாள். தயிரை நிறுத்தினாள். டீயில் விடுவதை நிறுத்தினாள்.

கடைசியில் தன்னையும்.

கேட்பதற்கு வீட்டில் ஆள் இல்லை. கணவன் சூரத்தில். டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று போனில் சொன்னான்.

மல்லிகை வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்று யாரோ பேசிக் கேட்டிருந்தாள். தெருமுனைப் பூக்காரியிடம் வாங்கினாள். வீட்டில் விசேஷமா என்று பூக்காரி கேட்டாள். ஆமாம் என்றாள்.

மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள்.

கனத்தது. வலித்தது. ரவிக்கை நனைந்தது.

குழந்தை மோந்துகொண்டே வந்து துணியில் முட்டியது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாட்டிலை நீட்டினாள்.

தன்னிடமிருந்து பிள்ளையைக் காப்பாற்றுவதாக நினைத்தாள்.

டாக்டர் திட்டவில்லை. வேறொரு பால்மாவு எழுதினார். அவளையும் பாலும் சோயாவும் சேர்க்க வேண்டாம் என்றார். பால் முழுக்க வற்றியிருக்காது, பிள்ளை வாயில் வைத்துக்கொண்டே இருங்கள், வருகிறதா பார்ப்போம் என்றார்.

திட்டியிருக்கலாம்.

திரும்பும்போது தெருமுனையில் பூக்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

“விசேஷம் நல்லபடியா முடிஞ்சுதா கண்ணு?”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஆமாமா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மார்பைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். மல்லிகை இன்னும் மணப்பதுபோல் இருந்தது. மறுபடியும் கழுவினாள்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்து குழந்தையை அணைத்தாள்.

அது மோந்தது.

முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவள் திருப்பிக்கொண்டதைப் போலவே.

அதன் பார்வை மேடைமேல் இருந்த பாட்டிலில் நின்றது.

அவள் எழுந்து போய்ப் பாட்டிலை ஒரு துணியால் மூடினாள்.

வந்து உட்கார்ந்து, குழந்தையை அடுத்த பக்கம் மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.