அம்மாவின் முதுகில் ஒரு பேட்ச்

மதிய வெயில் ஜன்னல் வழியாக வந்து கட்டிலின் கால்மாட்டில் கிடக்கிறது. அம்மாவின் மூச்சு நின்றுவிட்டது. மின்விசிறி மட்டும் கடகடவென்று தன்பாட்டுக்குச் சுற்றுகிறது. மகள் சீப்பும் கையுமாக மரம்போல் நிற்கிறாள். தலை வாரிவிடத்தான் எடுத்தாள்; எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. நர்ஸ் அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகில் ஒட்டியிருக்கும் வலி மருந்து பேட்ச்சைத் தேடுகிறாள். "இதுல இன்னும் போதை தர்ற மருந்து மிச்சமிருக்கும்மா. உடம்போட அனுப்பக் கூடாது. எடுத்து மடிச்சுப் பெட்டியில போட்டுப் பூட்டுறவரைக்கும் இன்னொருத்தர் கூட நின்னு பாக்கணும்." அப்படிப் பார்ப்பதற்கென்றே வந்த மூத்த நர்ஸ், கண்ணை எடுக்காமல் கைகட்டி நிற்கிறாள். "மெதுவா எடுங்க சிஸ்டர்," என்கிறாள் மகள். "போன தடவை எடுத்தப்ப துடிச்சுப் போயிட்டாங்க." நர்ஸ் பஞ்சை நனைத்து ஓரத்தை ஊறவிடுகிறாள். தளர்ந்த தோல் பசையோடு எழும்பி, மெல்ல விடுபடுகிறது. "கொஞ்சம் பொறுத்துக்கோங்கம்மா," என்று பழக்கதோஷத்தில் நர்ஸின் வாயில் வந்துவிடுகிறது. கண்ணை எடுக்கக் கூடாத மூத்த நர்ஸ் ஒரு கணம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். பிறகு பேட்ச் பசை உள்ளே போக மடிந்து பெட்டிக்குள் விழுகிறது. பூட்டுகிற சத்தம் கேட்டதும் மகள் அம்மாவின் காதருகே குனிகிறாள். "எடுத்தாச்சும்மா," என்று சொல்லிவிட்டு, தலை வாரத் தொடங்குகிறாள்.